தொண்ணூறை நெருங்கியவர்கள் ஏன் அடிக்கடி குடும்ப டாக்டரிடம் போகிறார்கள்?

4 மார்ச் 2025

ரொம்ப வயதானவர்கள் அடிக்கடி டாக்டரிடம் போவது தனிமையால்தான் என்று யாரைக் கேட்டாலும் சொல்கிறார்கள். வீட்டில் பேச ஆள் இல்லை, டாக்டர் காது கொடுத்துக் கேட்கிறார், அதனால் போகிறார்கள், அவ்வளவுதான் என்று. என் தம்பியும் இதையே சொல்கிறான். எங்கள் அத்தைக்கு 91 வயது. டாக்டரைப் பார்க்காமல் ஒரு மாதம் கழிந்தால் அது அபூர்வ மாதம். பெரும்பாலும் துணைக்குப் போகிறவன் நான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அளவில் இந்தத் தனிமைக் கதை எனக்கு அரைகுறையாகப் படுகிறது.

தனிமையே இல்லை என்று வாதாட வரவில்லை. அதை முதல் பதிலாக வைத்துவிட்டால் வேறு காரணத்தை யாரும் தேடுவதில்லை என்பதுதான் என் புகார். ஒரு பாட்டி மெதுவாக நடந்து உள்ளே வந்தாலே "இவங்க பேசத்தான் வந்திருக்காங்க" என்று காத்திருப்பவர்கள் முகத்தில் தெரிகிறது. வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இங்கே இருந்தால் நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்.

5 மார்ச்

சுவாரசியம் இல்லாத காரணங்களை முதலில் முடித்துவிடுகிறேன். எண்ணிக்கையில் அவைதான் அதிகம்.

அத்தைக்கு இதயத் துடிப்பு தாளம் தப்பும். அதனால் இரத்தம் கட்டாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, இரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று காட்டும் ஐஎன்ஆர் என்ற அளவு பொதுவாக 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். இறங்கினால் பக்கவாத பயம், ஏறினால் இரத்தக் கசிவு பயம். நடுவில் வேறு எதற்காகவோ சில ஆன்டிபயாடிக் மாத்திரைகளைச் சாப்பிட்டாலே எண் எகிறிவிடும், மறுபடி பரிசோதனை. தைராய்டு மாத்திரையின் அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்து டிஎஸ்எச் என்ற தைராய்டு இரத்தப் பரிசோதனை பார்த்தால்தான் புது அளவு சரியா என்று தெரியும். நீர் பிரியும் மாத்திரையால் சோடியம், பொட்டாசியம் பார்க்க வேண்டும். பி12 ஊசி தனி. காதில் குரும்பி அடைத்துக்கொண்டால் அதற்கு ஒரு நடை. கால் நகம் தடித்துச் சதையில் குத்துகிறது, குனிய முடியாது, குனிந்தாலும் கண் தெரியாது, அதற்கு ஒரு நடை.

இவற்றில் பாதிக்கு மேல் அத்தை தானாகக் கிளம்பிப் போனவை அல்ல. "ஆறு வாரம் கழிச்சு வாங்க" என்று டாக்டரே சீட்டில் எழுதியவை. நோய்கள் நாலு சேர்ந்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் தனித் தேதி. அவை தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் வருவதில்லை.

6 மார்ச்

தம்பிக்கு இதைக் காட்டினேன். "சரி, ஆனா நகத்துக்குப் போன அன்னிக்கு அரை மணி நேரம் பேசிட்டு வந்தாங்களே?" என்கிறான்.

நகம் தடிமனாக இருந்தது.

9 மார்ச்

முக்கியமான காரணம் என்று நான் நினைப்பதற்கு வருகிறேன்.

நமக்கு உடம்பு கெட்டால் அது வெளிப்படையாகச் சொல்லிவிடும். காய்ச்சல் அடிக்கும், நெஞ்சு வலிக்கும், இருமல் வரும். எண்பதைத் தாண்டிய பலருக்கு இந்த எச்சரிக்கை மணிகள் பழுதாகிவிடுகின்றன. மாரடைப்பு வரும், நெஞ்சு வலி இருக்காது. மூச்சு வாங்கும், வியர்க்கும், அல்லது வெறும் அசதியாக இருக்கும். நிமோனியா வரும், காய்ச்சல் இருக்காது. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று குழம்பிப் பேசுவார், அல்லது காரணமே இல்லாமல் கீழே விழுவார். முதியவர்களின் வழக்கமான உடல் வெப்பமே கொஞ்சம் தாழ்வு என்பதால், தெர்மாமீட்டர் சரியென்று காட்டும் எண்கூட அந்த ஆளுக்குக் காய்ச்சலாக இருக்கலாம். தைராய்டு அதிகம் சுரந்தால் இளவயதுக்காரர் படபடப்பார். வயதானவர் சிலர் அதற்கு நேர்மாறாக எதிலும் பிடிப்பில்லாமல் மூலையில் உட்கார்ந்துவிடுவார். தாகம் எடுப்பதும் மங்கிப்போகிறது, உடம்பில் நீர் வற்றினாலும் தண்ணீர் கேட்கத் தோன்றாது.

ஆக, அவர்களிடம் சொல்வதற்கு என்ன இருக்கிறது? "ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்." அவ்வளவுதான். எங்கே, எப்போதிருந்து, எப்படி என்று கேட்டால் பதில் இல்லை. கேட்கிறவருக்கு எரிச்சல் வருகிறது, வீண் நடை என்று முடிவுகட்டுகிறார். ஆனால் அந்த மங்கலான புகாருக்குப் பின்னால் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், உயிர் போகிற விஷயமும் இருக்கலாம். வெளியிலிருந்து இரண்டும் ஒரே மாதிரி தெரியும்.

அத்தைக்கு நாளிதழில் அச்சுப்பிழை கண்டுபிடித்துச் சிவப்பு மையில் வட்டம் போடுவது பொழுதுபோக்கு. ஒரு நாள் மாலைவரை நாளிதழ் மடிப்புக் கலையாமல் கிடந்தது. கேட்டதற்கு "முடியலடா" என்றார். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, பிரஷர் சரியாக இருந்தது. வீட்டில் எல்லோரும் "வயசாச்சு, ஒரு நாள் அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். டாக்டரிடம் போனோம். பேப்பர் பார்க்கவில்லை என்று நான் சொன்னதும்தான் அவர் நிமிர்ந்தார். விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினார், முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார், எக்ஸ்ரேக்கு அனுப்பினார். நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியா.

அந்தச் சிவப்பு வட்டங்களைப் பற்றி முன்பே தெரிந்த டாக்டர் என்பதால் கண்டுபிடித்தார். புது ஆளிடம் "பேப்பர் படிக்கலை" என்றால் கண்ணாடியை மாற்றச் சொல்லி அனுப்பியிருப்பார்.

10 மார்ச்

அத்தைக்கு நிமோனியா குணமானதா என்று கேட்டிருந்தவருக்கு: ஆமாம், குணமாகிவிட்டார். இரண்டாவது வாரமே என் கடிதம் ஒன்றில் ஒற்றுப்பிழை கண்டுபிடித்தார்.

14 மார்ச்

அடுத்தது மாத்திரைகள். நோயைவிட மாத்திரைக்காகப் போகும் நடை அதிகம் என்று சில மாதங்களில் தோன்றும்.

ஐந்தோ அதற்கு மேலோ மருந்து சாப்பிடுவதைப் பன்மருந்து நிலை என்று மருத்துவத்தில் தனியாகவே குறிப்பிடுகிறார்கள். தொண்ணூறு வயதில் அது சர்வசாதாரணம். ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று எண்ணி அதற்கு இன்னொரு மருந்து கொடுப்பது நடக்கும். 1990களில் பௌலா ரோசோன், ஜெர்ரி குர்விட்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் இதை மருந்துச் சங்கிலி என்று விளக்கி எழுதினார்கள். அத்தைக்கு நடந்தது அச்சு அசல் அதுதான். பிரஷருக்கு அம்லோடிபின். அதனால் கால் வீங்கியது. வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை. அதனால் இரவில் எழுந்து எழுந்து போக வேண்டியிருந்தது. இருட்டில் எழுந்தபோது தலை சுற்றிக் கட்டில் விளிம்பில் மோதிக்கொண்டார். தலைசுற்றலுக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள், அது பகலிலும் தூங்க வைத்தது. வீக்கம், தலைசுற்றல், அடி, தூக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் டாக்டரிடம் போனோம். காரணத்தைத் தேடினால் முதல் மாத்திரையில் போய் நின்றது. அதை மாற்றியதும் பின்னால் வந்தவை ஒவ்வொன்றாகக் கழன்றன.

அம்லோடிபின் கெட்ட மருந்து என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், பலருக்கு ஒன்றும் செய்வதில்லை.

சிறுநீரகக் கணக்கு ஒன்று இருக்கிறது, நான் மிரண்டுபோனது அதில்தான். இரத்த அறிக்கையில் அத்தையின் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) 0.9. பக்கத்தில் "இயல்பு" என்று அச்சாகியிருந்தது. ஆனால் கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தொண்ணூறு வயதில் தசை கரைந்திருக்கும், அதனால் சிறுநீரகம் மெதுவாக வேலை செய்தாலும் எண் நல்ல பிள்ளையாகவே தெரியும். டாக்டர் ஒரு தாளில் போட்டுக் காட்டினார். 1976இல் காக்கிராஃப்ட், கால்ட் இருவரும் கொடுத்த சூத்திரம்: 140இல் இருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72 பெருக்கல் கிரியேட்டினினால் வகுக்க வேண்டும். பெண்ணாக இருந்தால் அதை 0.85ஆல் பெருக்க வேண்டும். 91 வயது, 45 கிலோ, 0.9. விடை, அதாவது சிறுநீரகம் வடிகட்டும் வேகம், நிமிடத்துக்கு சுமார் 29 மில்லிலிட்டர். இளமையில் இது நூறுக்குப் பக்கத்தில் இருந்திருக்கும். பல மருந்துகளின் அளவைப் பாதியாக்க வேண்டிய இடம் இது. அறிக்கையோ இயல்பு என்கிறது.

வயதானவர்கள் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் ஒன்றை 1991இல் மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க முதியோர் நல மருத்துவர் தொடங்கிவைத்தார். இன்றும் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள், 2023இலும் புதுப்பித்தார்கள். சில பழைய தூக்க மாத்திரைகளும் சில அலர்ஜி மாத்திரைகளும் அதில் வருகின்றன. அத்தையின் மருந்துப் பெட்டியில் அப்படி ஒன்று பல வருடம் குடியிருந்தது.

15 மார்ச்

"அப்போ எல்லா மாத்திரையையும் நிறுத்திடலாமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது. பிரஷர் மாத்திரை, வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு, சில தூக்க மாத்திரை இவற்றைத் திடீரென்று நிறுத்தினால் வரும் வம்பு தனி. ஒவ்வொன்றாக, அளவைக் குறைத்து, நடுவில் வந்து காட்டி, மறுபடி குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். அதற்கும் டாக்டரிடம்தான் போக வேண்டும். மாத்திரையைக் கூட்டவும் நடை, குறைக்கவும் நடை.

22 மார்ச்

தனிமைக்குத் திரும்பி வருகிறேன். தம்பி விடவில்லை, நானும் கொஞ்சம் படித்துப் பார்த்தேன்.

அமெரிக்காவில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களை வைத்து 2015இல் வந்த ஓர் ஆய்வு அவன் பக்கம் பேசுகிறது. சில வருட இடைவெளியில் இரண்டு முறை கேட்டபோதும் தனிமையாக இருப்பதாகச் சொன்னவர்கள் டாக்டரை அதிகம் பார்த்தார்கள். ஆனால் மருத்துவமனையில் படுப்பது அப்படி அதிகமாகவில்லை. தனிமை ஆளைத் தெரிந்த டாக்டரிடம் கூட்டிப்போகிறது, கட்டிலில் படுக்க வைக்கவில்லை. தம்பிக்கு ஒரு புள்ளி.

எனக்கு அதைவிட மனதில் நின்றது பழைய ஆய்வு ஒன்று. காலின் மரே பார்க்ஸ் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் 1964இல் வெளியிட்டது. லண்டனில் கணவரை இழந்த 44 பெண்களின் விவரங்களைக் குடும்ப டாக்டர்களின் பதிவேட்டிலிருந்தே எடுத்துப் பார்த்தார். கணவர் இறந்த முதல் ஆறு மாதத்தில் டாக்டரிடம் போவது கூடியிருந்தது. அதில் வயதைப் பொறுத்து ஒரு வித்தியாசம். 65க்குக் கீழே இருந்தவர்கள் தூக்கமில்லை, மனசு சரியில்லை என்று மனக்குறையோடு போனார்கள். அதற்கு மேற்பட்டவர்கள் மூட்டு வலி போன்ற உடல் குறைகளோடு போனார்கள். துக்கம் இருவருக்கும் ஒன்றுதான்.

அது கற்பனை வலியும் இல்லை. அதே பார்க்ஸும் கூட்டாளிகளும் 1969இல், மனைவியை இழந்த 55 வயதுக்கு மேற்பட்ட 4486 ஆண்களைப் பின்தொடர்ந்ததை எழுதினார்கள். முதல் ஆறு மாதத்தில் இறப்பு, அதே வயதில் மனைவியோடு இருந்த ஆண்களைவிட 40 சதவீதம் கூடுதல். இதய நோய்தான் முன்னால் நின்றது. ஆகவே மனைவி போன பிறகு ஒரு பெரியவர் வாரா வாரம் நெஞ்சு படபடப்பு என்று வந்தால், "பேசத்தான் வந்திருக்கார்" என்பதும் உண்மையாக இருக்கலாம், இதயத்தைப் பார்க்க வேண்டும் என்பதும் உண்மையாக இருக்கலாம். ஒன்றைச் சொன்னால் இன்னொன்று ரத்தாகாது. தம்பியோடு எனக்கிருக்கும் சண்டையே இந்த இடத்தில்தான் என்று இப்போது தெரிகிறது.

மனச்சோர்வும் இப்படித்தான். வயதானவர்கள் பலர் "மனசு சரியில்லை" என்று வாயால் சொல்லமாட்டார்கள். பசி இல்லை, தூக்கம் இல்லை, உடம்பெல்லாம் வலி என்பார்கள். முதியோருக்கான மனச்சோர்வுக் கேள்வித்தாள் ஒன்று 1980களின் தொடக்கத்தில் வந்தது, 30 கேள்விகள். அதில் பசி, தூக்கம், உடல்வலி பற்றிக் கேட்பதை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள், அந்த வயதில் அவை யாருக்குத்தான் இல்லை என்று. வாழ்க்கை வெறுமையாகப் படுகிறதா, அடிக்கடி சலிப்பாக இருக்கிறதா என்று நேராகவே கேட்கிறது.

அத்தையிடம் ஒருமுறை டாக்டர் இதைக் கேட்டார். சலிப்பாக இருக்கிறதா? "உங்க காத்திருப்பு அறையில உட்கார்ந்தா வேற எப்படி இருக்கும்?" என்றார் அத்தை.

30 மார்ச்

யாரும் சொல்லாத ஒன்று, மறதி. நேற்று போய்வந்ததே நினைவில்லாமல் இன்று மறுபடி போகிறவர்கள் இருக்கிறார்கள். மாத்திரை வாங்கியது மறந்து மறுபடி சீட்டுக் கேட்பது, தேதியைத் தவறாக நினைத்துக் காலையிலேயே வந்து உட்கார்ந்திருப்பது, அதே கேள்வியை அதே வார்த்தையில் கேட்பது. முன்பு இப்படி இல்லாதவர் திடீரென்று அடிக்கடி வரத் தொடங்கினால், அது நினைவாற்றல் சரிவின் முதல் தடயமாக இருக்கலாம். முகப்பு மேசையில் இருப்பவருக்குத்தான் இது டாக்டருக்கு முன்பே தெரியும். ஆனால் அவர் அதைத் தொல்லை என்று எண்ணிக்கொண்டிருப்பார்.

என் அப்பாவின் நண்பர் ஒருவருக்கு இப்படித்தான் தெரியவந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது, சந்தேகமும் இல்லை. ஏன் இப்படி ஓடுகிறார் என்று கேலி மட்டும் இருந்தது.

2 ஏப்ரல்

எல்லோரும் "அவர்கள் போகிறார்கள்" என்றே எழுதுகிறோம். பாதி நேரம் நாம்தான் கூட்டிப்போகிறோம்.

அத்தை ஒருவேளை சரியாகச் சாப்பிடாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அவர் "ஒண்ணும் இல்லடா, நாளைக்குச் சரியாயிடும்" என்பார். நான் கேட்கமாட்டேன். வெளியூரில் இருக்கும் அவர் பெண் தொலைபேசியில் "டாக்டர்கிட்ட காட்டினியா?" என்று கேட்பாள். காட்டவில்லை என்றால் நான் பொறுப்பில்லாதவன். காட்டிவிட்டேன் என்று சொல்வதற்காகவே போன நடைகளும் உண்டு. டாக்டரின் ஏட்டில் அவையெல்லாம் அத்தையின் பெயரில்தான் ஏறும்.

11 ஏப்ரல்

இந்த இழையில் எனக்குக் கிடைத்ததில் உருப்படியான ஒன்றைச் சொல்கிறேன்.

டாக்டரைப் பார்க்க அனுமதிச் சீட்டு எது? புகார். ஏதாவது வலித்தால்தான் போகலாம், ஒன்றும் இல்லை என்றால் போவதற்குக் காரணம் இல்லை. அப்படியென்றால் டாக்டரைப் பார்ப்பது ஒருவருக்குத் தெம்பு தருகிறது என்றால், அவர் என்ன செய்வார்? வலியைத் தேடுவார். நடிப்பு என்று சொல்லவில்லை. தொண்ணூறு வயதில் தேடினால் எங்காவது வலி இருக்கத்தான் செய்யும்.

எங்கள் டாக்டர் ஒரு கட்டத்தில் இதை மாற்றினார். "உடம்பு சரியா இருந்தாலும் வாங்க, சரியில்லாட்டியும் வாங்க, மாசத்துல முதல் செவ்வாய்" என்று அத்தையிடம் சொன்னார். அப்புறம் நடுவில் ஓடும் நடைகள் கண்ணுக்குத் தெரிந்தே குறைந்தன. முதல் செவ்வாய் வரட்டும், கேட்டுக்கொள்ளலாம் என்று அத்தையே ஒத்திப்போட ஆரம்பித்தார். பாதிச் சங்கதி செவ்வாய்க்குள் தானே சரியாகிவிடும்.

இது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. காரணம் பிடிபடாத உடல் புகார்களோடு ஓயாமல் அலைகிறவர்களுக்கு, புகார் இருக்கிறதோ இல்லையோ 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை நிச்சயித்த சந்திப்பு வையுங்கள் என்று குடும்ப டாக்டர்களுக்கு யோசனை சொல்லிப் பார்த்த அமெரிக்க ஆய்வு 1986லேயே வந்திருக்கிறது. அவர்களின் மருத்துவச் செலவு பாதிக்கு மேல் குறைந்தது. அது முதியோரைப் பற்றிய ஆய்வு இல்லை, அதை அப்படியே அத்தைக்குப் பொருத்துவது நியாயமில்லை. ஆனாலும் தர்க்கம் ஒன்றுதான்.

1950களில் லண்டனில் மைக்கேல் பாலின்ட் என்ற உளப்பகுப்பாய்வாளர் குடும்ப டாக்டர்களை வாரந்தோறும் கூட்டி உட்காரவைத்து, தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசச் சொன்னார். டாக்டர்கள் அதிகம் கொடுக்கும் மருந்து டாக்டரேதான், ஆனால் அதற்கு அளவு என்ன, பக்கவிளைவு என்ன என்று எந்த மருந்து நூலிலும் இல்லை என்பது அவர் எடுத்துவைத்த வாதம். முதல் செவ்வாய் என்பது அந்த மருந்துக்கு ஒரு அளவு போட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

12 ஏப்ரல்

"அப்போ உங்க தம்பி சொன்னதுதானே இது?" என்று கேட்கிறார்கள். பாதி. அத்தைக்குப் பேச ஆள் வேண்டுமென்றால் வீட்டில் ஆள் இருக்கிறது, பேச்சு தாராளமாகவே நடக்கிறது. அவருக்கு வேண்டியது தன் உடம்பைப் பற்றித் தெரிந்த ஓர் ஆள், "இது பரவாயில்லை, இதற்குப் பயப்பட வேண்டாம்" என்று பொறுப்போடு சொல்லக்கூடியவர். அதை நான் சொன்னால் செல்லாது. எனக்கு நிமோனியா தெரியாது என்பதை அவர் பார்த்துவிட்டார்.

19 ஏப்ரல்

திசை மாறுகிறேன். அடிக்கடி போகிறவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். போகாதவர்கள்?

"வயசானா இப்படித்தான்" என்று எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்கிறவர்கள் நிறைய. சிறுநீர் அடக்க முடியாததைச் சொல்ல வெட்கம். கீழே விழுந்ததைச் சொன்னால் தனியாக வெளியே விடமாட்டார்கள் என்ற பயம். போனால் ஏதாவது கண்டுபிடித்துப் படுக்கவைத்துவிடுவார்கள் என்ற பயம். காது கேட்காததால் பெயர் கூப்பிட்டாலும் தெரியாது, அந்தச் சங்கடம். படி ஏற முடியாது, கூட்டிப்போக ஆள் இல்லை. இங்கேதான் தனிமை நேர்மாறாக வேலை செய்கிறது. துணை இல்லாதவர் டாக்டரிடம் போவதே கஷ்டம்.

வேல்ஸில் சுரங்கத் தொழிலாளர் ஊரில் குடும்ப டாக்டராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் ஒரு விதி சொன்னார்: நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவைப்படுகிறதோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கும். அவர் பேசியது சமூகங்களைப் பற்றி. ஒரே தெருவில் இருக்கும் இரண்டு கிழவிகளுக்கும் அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. காத்திருப்பு அறையில் நாம் பார்த்து எரிச்சல்படுவது வந்து சேர முடிந்தவர்களைத்தான்.

அத்தையின் சிநேகிதி ஒருவர் இருந்தார். டாக்டர் வாசலை மிதித்ததே இல்லை என்று பெருமையாகச் சொல்வார். எங்கள் வீட்டில் அவரைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவோம். இடுப்பு எலும்பு முறிந்து மருத்துவமனைக்குப் போனபோதுதான் சுகர், கண்புரை, எலும்புத் தேய்மானம் எல்லாம் ஒரே நாளில் தெரியவந்தன.

3 மே

சின்னக் குறிப்பு. "டாக்டர் அஞ்சு நிமிஷத்துல அனுப்பிட்டார், ஒண்ணும் பார்க்கலை" என்று ஒருவர் வருத்தப்பட்டிருந்தார். சில டாக்டர்கள் பார்க்கமாட்டார்கள்தான். ஆனால் கவனித்துப் பாருங்கள். எங்கள் டாக்டர் அத்தை கதவிலிருந்து நாற்காலிவரை நடந்து வருவதை வேறெதையும் தொடாமல் பார்ப்பார். கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா, திரும்பும்போது எத்தனை அடி வைக்கிறார், இதெல்லாம் பரிசோதனைதான். நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரும் நேரத்தை அளப்பது 1991இலிருந்து புழக்கத்தில் இருக்கும் முறை. பிரஷரைப் படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை பார்ப்பார். எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் விழுவதற்கான வாய்ப்பு இருக்கிறது என்று பொருள். உட்காரவைத்து மட்டும் பார்த்தால் இது தெரியாது. நிற்கவைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

எடை பார்க்கச் சொல்லவும் மறக்க வேண்டாம். முயற்சி செய்யாமலே எடை இறங்கினால் சந்தோஷப்படும் வயது இல்லை அது.

18 மே

எங்கள் டாக்டர் ஓய்வு பெறுகிறார். அவருக்கும் வயதாகிறது என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

இதுவரை எழுதியதையெல்லாம் இந்தச் செய்திக்குப் பிறகு மேலிருந்து படித்தேன். நிமோனியா, சங்கிலி மாத்திரை, முதல் செவ்வாய் எல்லாமே இந்த ஒரு ஆளின் நினைவில் நின்றவை. ஒரே டாக்டரைத் தொடர்ந்து பார்ப்பதற்கும் இறப்புக்கும் உள்ள தொடர்பை 22 ஆய்வுகளில் தேடி 2018இல் தொகுத்தார்கள். 18இல் இறப்பு குறைவாக இருந்தது. நார்வேயில் சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளை வைத்துப் பார்த்ததில், ஒரே குடும்ப டாக்டரிடம் 15 வருடத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு, ஒரு வருடம் மட்டும் இருந்தவர்களோடு ஒப்பிட்டால், அவசரமாக மருத்துவமனையில் சேர்வதும் இறப்பும் கால் பங்கு அளவுக்குக் குறைவு. நோய் அதிகமானவர் டாக்டரை மாற்றிக்கொண்டே இருப்பார் என்று எதிர்வாதம் செய்யலாம், ஆய்வாளர்கள் அதற்கெல்லாம் முடிந்தவரை கணக்குச் சரிசெய்துதான் பார்த்தார்கள். வருடம் கூடக்கூடப் பலனும் படிப்படியாகக் கூடியது என்பதுதான் என்னை யோசிக்கவைத்தது. இங்கிலாந்தில் 2014இலிருந்து 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர் ஒவ்வொருவருக்கும் பொறுப்பான டாக்டர் ஒருவரைப் பெயர் சொல்லி ஒதுக்குகிறார்கள். பெயரை ஒதுக்கினால் பழக்கம் வந்துவிடுமா என்பது வேறு விஷயம்.

அத்தைக்கு இனி 15 வருடம் காத்திருக்க நேரமில்லை. அதனால் கோப்பில் இல்லாதவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எந்த மாத்திரை எதற்காக நிறுத்தப்பட்டது, யார் நிறுத்தினார்கள். அம்லோடிபினில் கால் வீங்கியது. கிரியேட்டினின் "இயல்பு" என்று ஏமாற வேண்டாம், கணக்குப் போடவும். இடது காதுப் பக்கம் உட்கார்ந்து பேசவும். உயிர்காக்கும் கருவிகள் வைப்பதைப் பற்றி அத்தை ஏற்கெனவே சொல்லிவைத்திருக்கும் முடிவு. நாளிதழில் வட்டம் போடுவதை நிறுத்திவிட்டால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் முழுதாகப் பரிசோதிக்கவும்.

அத்தை வாங்கிப் படித்தார். "பிடிவாதம் அதிகம்" என்று நான் எழுதியிருந்த வரியை அடித்துவிட்டார். மற்றபடி பிழையில்லை என்றார்.

6 ஜூன்

புது டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். சின்ன வயசுக்காரி. பக்கத்தை முழுதாகப் படித்தார், இடது காதுப் பக்கம் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார். எல்லாம் சீராக இருக்கிறது, மூன்று மாதம் கழித்து வந்தால் போதும் என்றார். ஐஎன்ஆர் மட்டும் நடுவில் ஆய்வகத்தில் கொடுத்துவிட்டால் சரி என்றார். அத்தை ஒரு மாதம் என்றார். இரண்டு மாதம் என்றார் டாக்டர். "எனக்கு 91 வயசும்மா, ரெண்டு மாசமெல்லாம் ரொம்பத் தூரம்" என்றார் அத்தை. ஆறு வாரத்தில் முடிந்தது பேரம்.